சேரிக்குள் நுழையாத தீயணைப்பு வண்டி

தீப்பிடித்தால் நகரத்தில் 5 முதல் 7 நிமிடத்திலும் கிராமத்தில் 20 நிமிடத்திலும் தீயணைப்பு வண்டி வந்துசேர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் பரிந்துரை. ஓலைக் குடிசை எரிந்து முடிய 20 நிமிடம் ஆகாது. அந்தக் குடிசைகளில் இன்றும் யார் இருக்கிறார்கள்?

ஊர்த்தெரு வரை வந்த வண்டி சேரிக்குள் நுழைய வழியில்லாமல் நின்றால், அந்தத் தாமதத்தைச் சாதிதான் உண்டாக்குகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியைக் கொளுத்திய சாதிவெறிக் கும்பல், மரங்களை வெட்டிப் போட்டுச் சாலையை மறித்தது. அன்று மரங்கள் செய்ததைக் குறுகலான சந்துகள் தினமும் செய்கின்றன.

காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கம் போன்ற ஊர்களின் தோழர்களே, அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்: காலனிக்குள் வண்டி நுழையும் சாலை, தண்ணீர்த் தொட்டி, குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு. அழைப்பு வந்த நேரத்தையும் வண்டி வந்த நேரத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.