பொட்டலச் சுண்ணாம்பும் பிஞ்சுக் கண்களும்

மளிகைக் கடை என்றால் பருப்பு, புளி, மிளகாய் வத்தல் என்றுதான் ஊரார் நினைக்கிறார்கள். தின்கிற சரக்கோடு எரிக்கிற சரக்கும் நம் கடைகளில் இருக்கிறது என்பது வணிகர்களாகிய நமக்குத்தான் தெரியும். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் சோடா எல்லாம் நாம் விற்பவையே. இவற்றில் எதற்கும் பயப்படாத குழந்தை ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டிலும் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு அடிபட்டால் நமக்கு என்ன பொறுப்பு, அந்தக் குடும்பத்திற்கு என்ன வழி என்பதைப் பற்றி நம் சங்க ஏட்டில் யாரும் எழுதியதாக நினைவில்லை. ஜி.எஸ்.டி. பற்றி எழுதுகிறோம், லைசென்ஸ் பற்றி எழுதுகிறோம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆசிட் என்றால் யாரும் சற்று ஒதுங்கி நிற்பார்கள். யாரும் ஒதுங்காத பொருள் ஒன்று உண்டு. அதுதான் வெற்றிலைச் சுண்ணாம்பு.

நம் பாட்டிமார் காலத்தில் சுண்ணாம்பு கரண்டகத்தில் இருந்தது. பித்தளையோ வெள்ளியோ, அதற்கு ஒரு மூடி இருந்தது. கடையில் வாங்கினாலும் இலையில் ஒரு துளி வழித்துக் கொடுப்பார்கள். இப்போது பாலிதீன் பொட்டலத்தில், உருண்டு திரண்டு, கொழுக்கட்டை போல் வருகிறது. பிள்ளைகளுக்கு அது பந்து மாதிரி. கையில் வைத்து அழுத்தினால் மெத்தென்று இருக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வெடித்து நேராக முகத்தில் பீச்சும். சில பிள்ளைகள் பல்லால் கடித்துத் திறக்கப் பார்ப்பார்கள். அப்போதும் போய் விழுவது கண்ணில்தான்.

சுண்ணாம்பு காரம். ஆசிட் பட்டால் மேல்தோல் வெந்து ஓரளவு அங்கேயே நிற்கும். காரம் அப்படி நிற்பதில்லை, உள்ளே உள்ளே இறங்கும். போதாததற்குச் சுண்ணாம்பு களிம்பாக இருப்பதால் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு அரித்துக்கொண்டே இருக்கும். கருவிழி வெளுத்துப் போகும். கருவிழி ஓரத்தில் புதுத்தோலை உண்டாக்கும் செல்கள் அழிந்துவிட்டால், பிறகு கண் தானம் பெற்றுக் கருவிழி மாற்றினாலும் எளிதில் நிற்பதில்லை. டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கண் மருத்துவர்கள் இந்தப் பொட்டலங்களைப் பற்றி 2003-லேயே 'லான்செட்' மருத்துவ ஏட்டில் எச்சரித்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் ஹைதராபாத் முதலிய ஊர்களின் கண் மருத்துவமனைகள் குழந்தைகளின் கண் எரிகாயங்களில் சுண்ணாம்பே முன்னால் நிற்கிறது என்று சொல்லி வருகின்றன. இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. பொட்டலம் மட்டும் மாறவில்லை.

நம்மிடம் சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரி ஒருவரிடம் இதைச் சொன்னோம். "அண்ணாச்சி, செஞ்சவன் பொறுப்பு, வாங்கினவன் பொறுப்பு. நடுவில நாம என்ன பண்ணினோம்?" என்றார். நியாயமாகத்தான் தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. அதில் 86-ஆவது பிரிவு முழுக்க முழுக்க விற்பவரைப் பற்றியது. பொருளைச் செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பாளி. தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சார்பு செய்ய முடியாவிட்டாலும் விற்றவரே பொறுப்பாளி. செய்தவர் சொன்ன எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டாலும், பொருளை மாற்றியமைத்து விற்று அந்த மாற்றத்தால் தீங்கு வந்தாலும் அப்படியே.

சரி, நம் கடையில் தொங்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தில் செய்தவர் பெயர் இருக்கிறதா? பெரும்பாலும் இராது. பத்து கிராமுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களுக்குப் பெயர், விலை அச்சிடுவதிலிருந்து 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளில் விலக்கு உண்டு என்று விவரம் தெரிந்த அன்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்த விலக்கு எடையளவு அதிகாரியிடம் செல்லும். நுகர்வோர் ஆணையத்தில் அது உதவாது. அங்கே பெயரில்லாத பொட்டலம் என்றால் அதன் பெயர் நம் கடைப் பெயர்தான். சில காசு லாபத்திற்கு இது என்ன வியாபாரம்?

மாற்றியமைத்து விற்பது என்றோம் அல்லவா, அதற்கு வருவோம். கேனில் வரும் ஆசிட்டையும் பினாயிலையும் காலி கூல்டிரிங்க் பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. வாடிக்கையாளரே பாட்டில் கொண்டுவந்து கேட்பதும் உண்டு. வெயிலில் விளையாடிவிட்டு வரும் குழந்தைக்கு அந்தப் பாட்டில் என்னவாகத் தெரியும்? ஒரு வாய் விழுங்கினால் போதும், உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில், குழாயை விரித்து விரித்துத்தான் கஞ்சியே இறங்கும். பாட்டிலை மாற்றிய அந்த ஒரு செயலால் செய்தவரின் எச்சரிக்கைச் சீட்டும் போயிற்று, பிள்ளை எட்டி நிற்க வேண்டிய அடையாளமும் போயிற்று. நீதிமன்றத்தில் இதற்குச் சமாதானம் சொல்ல எந்த வக்கீலாலும் முடியாது.

ஆசிட் விற்பனைக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகள் தனி. வாங்குபவர் பெயர், முகவரி, அளவு எழுதிய பதிவேடு வேண்டும். அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுக்கக் கூடாது. மீறினால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். கடைப் பையனிடம் "அம்மா ஆசிட் வாங்கிவரச் சொன்னாங்க" என்று பத்து வயதுப் பிள்ளை வந்து கேட்டால் அவன் என்ன செய்வான் என்று அவரவர் கடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்துப் பசையைத் தமிழ்நாடு அரசு 2022-23இல் நிரந்தரமாகத் தடை செய்தது. பற்பசை போல் டியூபில் வந்த சரக்கு அது. தின்றவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போல் தெரிந்து, பிறகு ஈரல் கெட்டு விழுவார். முறிவு மருந்து கிடையாது. பழைய ஸ்டாக் பரணில் கிடக்கிறதென்றால் அதை விற்றுத் தீர்க்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

இனி, பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பற்றி. விபத்து நடந்தால் கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை, "எங்க கடையில வாங்கினதே இல்ல." சங்கத்தில் சிலர் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தாய் நேற்று வரை நம்மிடம் அரிசி வாங்கியவர். அவரை விரட்டுவதைவிடக் கொள்முதல் பில்லை எடுத்து, "இன்னாரிடமிருந்து வந்தது" என்று காட்டுவது மரியாதை. நமக்கும் அதுதான் பாதுகாப்பு. செய்தவரின் பெயரும் முகவரியும் வெளிவந்து, எச்சரிக்கையையும் நாம் சொல்லியிருந்தால் பாரம் போக வேண்டிய இடத்திற்குப் போகும்.

அந்தக் குடும்பத்திற்கு நம்மால் சொல்ல முடிந்த வழிகள் சில இருக்கின்றன. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நுகர்வோர் சிறுவராக இருந்தால் பெற்றோரே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்திற்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. சுண்ணாம்பு எந்தக் காலத்தில் ஐந்து லட்சத்திற்கு விற்றது! இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும், அந்தப் பொட்டலத்தையோ பாட்டிலையோ தூக்கி எறியாமலும் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். நமக்கு எதிராகவே வழக்கு வருமே என்று கேட்கலாம். வரட்டும். பில்லும் பெயரும் உள்ள சரக்கை விற்றவருக்கு என்ன பயம்?

வழக்கெல்லாம் பிறகு. முதல் அரைமணி நேரந்தான் கண்ணைக் காப்பாற்றும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அந்த நொடியே, குழாயடியிலோ குடத்து நீரிலோ, இமையை விரித்துப் பிடித்து விடாமல் அரைமணி கழுவ வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, முந்தானையால் துடைப்பது எதுவும் கூடாது. கழுவிய பிறகுதான் கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆசிட்டையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது ஒரு முறை சுட்டது ஏறும்போது மறுமுறை சுடும். 108-ஐ அழைத்து, குடித்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இந்த நாலு வரியைச் சங்கம் ஒரு அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தால் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவைக்க நம்மில் யாரும் மறுக்க மாட்டோம்.

நாம் நம் மொத்தக் கடையில் பொட்டலச் சுண்ணாம்பு எடுப்பதில்லை என்றும், திருகுமூடி டப்பியில் பெயர் முகவரியோடு வருவதை மட்டும் எடுப்பது என்றும் வைத்துக்கொண்டிருக்கிறோம். டப்பி விலை கூடுதல்தான், வெற்றிலை போடும் பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு கடை நிறுத்தினால் அடுத்த கடையில் வாங்குவார்கள். ஊர்க் கடைகள் எல்லாம் சேர்ந்து நிறுத்தினால்தான் சுண்ணாம்பு கட்டுபவர்கள் டப்பிக்கு மாறுவார்கள். வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். ஆதரிப்பவர்கள் தங்கள் கடை முத்திரையோடு ஒரு வரி எழுதி அலுவலகத்தில் சேர்க்கலாம். எதிர்ப்பவர்களும் வந்து பேசட்டும்.