டேப்லெட்டை விற்ற பள்ளிதான் பதில் சொல்லணும், அம்மா இல்ல

எங்க ஊர்ப் பக்கம் டேப்லெட்னு சொன்னா இன்னும் முக்கால்வாசிப் பேருக்கு மாத்திரைதான் ஞாபகம் வரும். அந்த டேப்லெட்டை எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, ஏதாச்சும் பண்ணுமா டாக்டர்னு பத்துக் கேள்வி கேட்டுட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். இன்னொரு டேப்லெட் இருக்கு. பள்ளிக்கூட ஃபீஸோட சேர்த்து வாங்கச் சொல்றது. அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காம ஆறு வயசுப் பிள்ளை கையில கொடுத்துட்டு வந்துடறோம்.

கொஞ்சம் நீளமான இழை இது. மதுரையிலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் இருந்து வர்ற பிள்ளைகளை தினமும் பார்க்கிறவன்ங்கிற முறையில எழுதுறேன். கோபமாத்தான் எழுதுறேன். பொறுமையா படிங்க.

கோபம் யார் மேலன்னு முதல்லயே சொல்லிடறேன். அம்மாக்கள் மேல இல்ல. தலைவலி, கண்ணைக் கசக்குறான், கழுத்து வலின்னு பிள்ளையைக் கூட்டிட்டு வருவாங்க. கூடவே அப்பா, அப்பத்தா. "எந்நேரமும் அதையேதான் பாக்குறான், இவ கொடுத்த செல்லம்"னு அப்பத்தா ஆரம்பிப்பாங்க. அந்தம்மா தலை குனிஞ்சு உக்காந்திருக்கும். சரி தம்பி, அதுல என்ன பாக்குறேன்னு பிள்ளைகிட்ட கேட்டா, "ஹோம்வொர்க் அங்கிள்". ஆப்ல வந்த ஒர்க்‌ஷீட். முடிச்சு அனுப்பலைன்னா ராத்திரி எட்டு மணிக்கு அம்மா போனுக்கு நினைவூட்டல் மெசேஜ் வருதாம். ஒண்ணாம் வகுப்பு!

2018 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னுச்சு? ஒண்ணாம், ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கையும் ரெண்டாம் வகுப்பு வரைக்கும் வீட்டுப்பாடம் வேண்டாம், பையோட எடை பிள்ளை எடையில 10 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லுது. நம்ம ஊர்ல சில பள்ளிகள் இதை எப்படி எடுத்துக்கிட்டாங்க தெரியுமா? நோட்டைக் குறைச்சாங்க, டேப்லெட்டைக் கொடுத்தாங்க. "பை கனம் குறையுது சார், நீங்க டாக்டரு, சந்தோஷப்படணுமே"ன்னு ஒரு பள்ளி நிர்வாகி என்கிட்டயே சொன்னார். முதுகுல இருந்த கனத்தை இறக்கிக் கண்ணுல ஏத்தினதுக்கு நான் சந்தோஷப்படணுமாம்.

அரசு என்ன செஞ்சதுன்னு பாருங்க. தமிழக அரசு 2024-ல் கையடக்கக் கணினித் திட்டம் கொண்டு வந்தது தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு, 79,723 பேருக்கு. 2025 பட்ஜெட்ல கைக்கணினி அல்லது மடிக்கணினின்னு அறிவிச்சது கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் பேருக்கு. ரெண்டுமே வளர்ந்தவங்க. அந்தத் திட்டங்கள்ல உங்களுக்கு ஆயிரம் குறை இருக்கலாம், அது வேற பஞ்சாயத்து. ஆனா ஆறு வயசுக் கண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்னு அரசுக்குத் தோணலை. தனியார் பள்ளிக்குத் தோணுது.

இப்ப கண்ணுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

பிள்ளைங்க கண் வளர்ந்துக்கிட்டே இருக்கிற உறுப்பு. கண்விழி முன்னாலிருந்து பின்னால அளவுக்கு மேல நீண்டுட்டா, தூரத்துல இருக்கிற பொருளோட பிம்பம் விழித்திரையில விழாம அதுக்கு முன்னாடியே விழுந்துடும். கரும்பலகை மங்கும். இதுதான் கிட்டப்பார்வை. ஒரு தடவை நீண்ட கண் திரும்பச் சுருங்காது. கண்ணாடி போட்டா பார்வை தெளியும், ஆனா கண்ணோட நீளம் அப்படியேதான் இருக்கும். மைனஸ் 6-ஐத் தாண்டினவங்களுக்குப் பிற்காலத்துல விழித்திரை விலகுறது மாதிரியான சிக்கல்களுக்கு வாய்ப்பு கூடுது. அதனாலதான் எட்டு வயசுல வர்ற மைனஸ் 1-ஐப் பார்த்து நாங்க பதறுறோம். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்து வருஷம் கண் வளரப் போகுது.

கண் ஏன் நீளுது? பரம்பரை ஒரு காரணம். மணிக்கணக்கா, இடைவெளி விடாம, ரொம்பக் கிட்டத்துல வச்சுப் பார்க்கிறது இன்னொரு காரணம். வெளிச்சத்துல விளையாடாதது மூணாவது. டேப்லெட்டுல மட்டும் ஏதோ விஷம் இருக்குன்னு நான் சொல்லலை. புத்தகத்தையும் மூக்குல ஒட்டிக்கிட்டு மூணு மணி நேரம் படிச்சா இதே கதைதான். சொல்லப்போனா போனுக்கு டேப்லெட் எவ்வளவோ மேல். திரை பெருசு, அதனால தள்ளி வச்சுப் பார்க்கலாம். பிரச்சினை என்னன்னா, புத்தகம் சலிச்சதும் பிள்ளை மூடி வச்சுடும். சலிக்காம இருக்கிறதுக்குன்னே ஆளுங்க சம்பளம் வாங்கிச் செஞ்ச பொருள் இது.

தூரம் எவ்வளவு? குறைஞ்சது முழங்கையில இருந்து விரல் மடக்கின முட்டி வரைக்கும் உள்ள நீளம், பெரியவங்க கை அளவுல. 30 சென்டிமீட்டருக்குக் கிட்ட வரவே கூடாது, 40 இருந்தா நல்லது. மடியில வச்சுக் குனிஞ்சா கழுத்து போகும். மேசையில புத்தகத் தாங்கி மாதிரி ஒரு ஸ்டாண்டுல சாய்ச்சு வைங்க. ஸ்டாண்டு இல்லைன்னா நாலு நோட்டை அடுக்கிச் செவுத்துல சாய்ச்சு வைங்க, போதும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி 20 அடிக்கு அந்தப் பக்கம் 20 விநாடி பார்க்கச் சொல்லுங்க. தெருவுல போற ஆட்டோவைப் பார்த்தாலும் சரி. திரையைப் பார்க்கிறப்ப நாம கண் சிமிட்டுறதே பாதியாக் குறைஞ்சுடும், அதனாலதான் எரிச்சல்.

நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயசு ஆகாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயசு வரைக்கும் அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுக்குக் கம்மின்னா இன்னும் நல்லது. நம்ம இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தோட கணக்கு 5 முதல் 10 வயசுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள. டிவி, போன், டேப்லெட் எல்லாம் சேர்த்து! கொரோனா காலத்துல, பள்ளியே இல்லாத 2020 ஜூலையில மத்திய கல்வித் துறை வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல்கூட, 8-ம் வகுப்பு வரைக்கும் ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிஷத்துல ரெண்டே ரெண்டு ஆன்லைன் வகுப்புத்தான்னு சொல்லுச்சு. ஊரடங்குல இருந்த கட்டுப்பாடுகூட இன்னைக்கு இல்லைங்கய்யா. காலையில ஸ்மார்ட் கிளாஸ், மதியம் டேப்லெட், ராத்திரி ஆப்.

அடுத்து, எனக்கு ரத்தம் கொதிக்கிற விஷயம். 'ப்ளூ கட்' கண்ணாடி.

"டேப்லெட் வாங்கிட்டோம் டாக்டர், கையோட ப்ளூ கட் கண்ணாடியும் போட்டுட்டோம், இனி பயமில்லைல்ல?" வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் கேட்கிறாங்க. பவர் இல்லாத பிள்ளைக்கு ஆயிரம், ரெண்டாயிரம்னு செலவு. 2023-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்துச்சு. கணினியால வர்ற கண் களைப்பைக் குறைக்கிறதுல சாதாரணக் கண்ணாடியைவிட ப்ளூ கட் எதுவும் கூடுதலாச் செய்யிற மாதிரி தெரியலைன்னு முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் இதைப் பரிந்துரைக்கிறது இல்ல. மத்தியானம் மொட்டை மாடியில நின்னா வானத்துல இருந்து வர்ற நீல ஒளி, எந்தத் திரையில இருந்து வர்றதையும்விடப் பல மடங்கு அதிகம். வானத்துக்குப் பயப்படாதவங்க திரையோட நீலத்துக்குப் பயப்படுறாங்க. பயமுறுத்தினாத்தானே விக்க முடியும். கதிர்வீச்சைத் தடுக்கிற ஸ்டிக்கர்னு ஒண்ணும் விக்கிறாங்க, அதையும் வாங்காதீங்க. அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுங்க.

இதுல எனக்குப் பெரிய வருத்தம் என்னன்னா, இது கண்ணுக்குன்னே உலகத்துல பேர் வாங்கின ஊர். 1976-ல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சது இங்கதான். அந்த ஊர்ல இருந்துக்கிட்டு, கடையில கம்ப்யூட்டர் மெஷின்ல ரெண்டு நிமிஷம் பார்த்து பிள்ளைக்குக் கண்ணாடி வாங்குறோம். பிள்ளைங்க கண்ணுக்குள்ள இருக்கிற தசை ரொம்ப வலுவானது, மெஷினையே ஏமாத்தும். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிஞ்ச பிறகு பார்க்கிற பரிசோதனைதான் சரியான பவரைச் சொல்லும். அரை நாள் ஆகும். ஆகட்டும்.

சரி, எதுதான் கண்ணைக் காப்பாத்தும்? சீனாவுல குவாங்சோ நகரத்துல 12 பள்ளிகள்ல ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2015-ல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகள்ல தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளியில ஒரு வகுப்பு. அவ்வளவுதான், வேற மருந்து மாத்திரை எதுவும் இல்ல. மூணு வருஷம் கழிச்சு, வழக்கம்போல இருந்த பள்ளிகள்ல 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதுசாக் கிட்டப்பார்வை. வெளியில போன பிள்ளைகள்ல 30.4 சதவீதம். நூத்துக்கு ஒன்பது பிள்ளை தப்பிச்சுது, வெறும் வெளிச்சத்துல.

வகுப்பறை வெளிச்சம் 300, 500 லக்ஸ். மர நிழல்லகூட சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில டோபமினைச் சுரக்க வச்சு, கண் நீளுறதைத் தடுக்குதுங்கிறது இப்ப இருக்கிற விளக்கம். "மதுரை வெயில்லயா டாக்டர்?"னு கேப்பீங்க. உச்சி வெயில்ல நிக்கச் சொல்லலை. காலையில ஏழுல இருந்து ஒன்பது, சாயங்காலம் நாலரைக்கு மேல. வேப்ப மர நிழல் போதும். "கருத்துப் போயிடுவா"ன்னு பொம்பளப் பிள்ளைகளை மட்டும் வீட்டுக்குள்ள பூட்டுறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. நிறத்துக்குப் பயந்து கண்ணை விட்டுடாதீங்க ஆத்தா.

இங்கதான் பள்ளிங்க மாட்டுறாங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009-ஓட அட்டவணையிலயே பள்ளின்னா விளையாட்டு மைதானம் வேணும்னு இருக்கு. மைதானத்துல புது பிளாக் கட்டிட்டு, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துட்டு, கையில டேப்லெட்டும் கொடுத்தா, கண்ணைக் கெடுக்கிற மூணு காரணத்துல ரெண்டை நீங்களே செஞ்சு கொடுக்கிறீங்க. அப்புறம் பேரன்ட்ஸ் மீட்டிங்ல "வீட்டுல ஸ்க்ரீன் டைமைக் குறைங்க மேடம்"னு அந்தம்மாவுக்கே அறிவுரை. தைவான்ல 2015-ல் சட்டமே போட்டாங்க, 2 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு இதைக் கொடுத்தா பெத்தவங்களுக்கு அபராதம்னு. நான் அபராதத்தை நம்புற ஆள் இல்ல. ஆனா போடணும்னா, வித்தவங்கள்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கண்ணை விட்டுட்டு வீட்டுல கையாள்ற விஷயத்துக்கு வர்றேன். பள்ளி கொடுக்கிற கையேட்டுல பாஸ்வேர்டு எப்படிப் போடணும்னு மூணு பக்கம் இருக்கு, சார்ஜ் எப்படிப் போடணும்னு ஒரு வரி இல்ல.

ஆப்பிள் தன் ஐபேடுக்குச் சொல்ற வெப்ப அளவு, பயன்படுத்தும்போது 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். மதுரையில சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி தொடங்கி செப்டம்பர் வரைக்கும் பகல்ல 35-ஐத் தாண்டுறது சாதாரணம். அதாவது வருஷத்துல பாதி நாள் நம்ம ஊர் மத்தியானமே அந்தக் கையேட்டுக்கு வெளியில இருக்கு. வெயில்ல நிக்கிற காருக்குள்ள, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வைக்கவே கூடாது. சார்ஜ் ஏறும்போது மெத்தை மேல, தலையணைக்கு அடியில வேண்டாம். நம்ம ஊர் இலவம்பஞ்சு மெத்தை சூட்டை வெளிய விடாது, பொறி பட்டாலோ உடனே பிடிச்சுக்கும். தரையில, டைல்ஸ் மேல வச்சு, பெரியவங்க முழிச்சிருக்கிறப்ப சார்ஜ் போடுங்க. சார்ஜ்ல இருக்கும்போது பிள்ளை தொட வேண்டாம்.

சார்ஜர் போச்சுன்னா பிளாட்பாரத்துல 100 ரூபாய்க்கு வாங்காதீங்க. பி.ஐ.எஸ் முத்திரையும் 'ஆர்'ல தொடங்குற பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. திரை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, பின்பக்கம் உப்பியிருக்குன்னா பேட்டரி வீங்கிடுச்சு. அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க. புகை வந்தா முதல்ல பிள்ளைகளை வெளியேத்துங்க, மெயின் சுவிட்சை அணைங்க, 101-க்குக் கூப்பிடுங்க. தீக்காயம் பட்டா 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டணும். பேனா மை, பேஸ்ட், மஞ்சத்தூள் எதுவும் தடவாதீங்க, நாங்க அதைச் சுரண்டி எடுக்கிறதுக்குள்ள பிள்ளை துடிச்சுப் போகுது.

இன்னொண்ணு. அண்ணனோட டேப்லெட் சார்ஜர் சுவிட்ச் போட்டபடியே தொங்கும், தவழ்ற தம்பி அந்த ஒயர் முனையை வாயில வைப்பான். 2023 ஆகஸ்ட்ல கர்நாடகாவுல கார்வார் பக்கம் 8 மாசக் குழந்தை ஒண்ணு இப்படித்தான் மின்சாரம் பாய்ஞ்சு செத்துப் போச்சு, போன் சார்ஜர்ல. சுவிட்சை அணைச்சு, ஒயரைக் கழட்டி, சுருட்டி மேல வைக்க அரை நிமிஷம் ஆகாது.

டேப்லெட்டே வேண்டாம்னு நான் சொன்னதா யாரும் ஸ்க்ரீன்ஷாட் போடாதீங்க. பேச்சு வராத பிள்ளைகள் படத்தைத் தொட்டு "தண்ணி வேணும்"னு சொல்றதை நான் பார்த்திருக்கேன். பார்வை குறைஞ்ச பிள்ளைக்கு எழுத்தைப் பெருசாக்கிக் காட்டுது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் நல்ல டியூஷன் கிடைக்காத பிளஸ் டூ பிள்ளைக்கு அது ஒரு வாத்தியார். மருந்து மாதிரிதான், யாருக்கு, எதுக்கு, எவ்வளவுன்னு இருக்கு. ஒண்ணாம் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே டோஸ் எழுதுற டாக்டரை நீங்க விடுவீங்களா?

அடுத்த மீட்டிங்ல நாலு கேள்வியை எழுதிக் கொடுத்து, எழுத்துலயே பதில் கேளுங்க. எந்த வகுப்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் திரை? வெளியில எத்தனை நிமிஷம், எந்த மைதானத்துல? ரெண்டாம் வகுப்பு வரைக்கும் ஆப்ல வீட்டுப்பாடம் அனுப்புறது எந்த விதிப்படி? பேட்டரி வீங்கினா மாத்தித் தர்றது யாரு? ஒருத்தரா போனா "உங்களுக்கு மட்டும்தான் மேடம் பிரச்சினை"ம்பாங்க. பத்துப் பேரா போங்க. அப்பாக்களும் போங்க.

கமெண்ட்ல ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, "ராத்திரி ஒன்பது மணிக்கு ஒர்க்‌ஷீட் முடிக்கலைன்னா மிஸ் திட்டுவாங்கன்னு அழுறா, என்ன செய்ய?" தூங்க வைங்கம்மா. தூங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே திரையை அணைச்சிடணும். காலையில டைரியில "டாக்டர் சொன்னதால முடிக்கலை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. மிஸ் கேட்டா இந்த இழையைக் காட்டுங்க.