சிரிப்பில் ஓர் இடம்

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்த தொல்காப்பியர், நகையை முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் வைத்தார். ஈழத்துத் தமிழ்த் திரைப்படமோ மலையக மக்களுக்கு இரண்டாவதை வழங்கியது. முதலாவதைப் பெரும்பாலும் வழங்காமலே விட்டது. இக்குறையைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

1976 இல் வெளிவந்த 'கோமாளிகள்', எஸ். ராம்தாஸ் எழுதி இலங்கை வானொலியிற் புகழ்பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் தொடர் நாடகத்தின் திரைவடிவம். அதன் சுவை கதையில் இருப்பதைவிடப் பேச்சிலேயே மிகுதியும் இருக்கின்றது. மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழையும், ஐயர் பிராமணத் தமிழையும், உபாலி சிங்களவர் நாவில் உருமாறும் தமிழையும் பேசுவர். தமிழரான ராம்தாஸ் மரிக்காரானார், முஸ்லிமான பி. எச். அப்துல் ஹமீது ஐயரானார். தமிழரான செல்வசேகரன் உபாலியானார். ஒருவர் பேச்சை மற்றவர் ஏற்றுப் பேச, யாவரும் சேர்ந்து சிரித்தனர். பல்லினம் வாழும் நாட்டில் இதனினும் நல்ல சிரிப்பு வேறு யாது?

ஆயினும், பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் நாள்தோறும் நம் செவியில் விழும் தோட்டத் தமிழுக்கு அந்நால்வர் வரிசையில் இடமில்லை.

இது நம் நாட்டுக்கே உரிய குறையன்று. 1955 இல் இங்கிலாந்தில் வெளியான 'தி லேடிகில்லர்ஸ்' என்ற குற்ற நகைச்சுவைப் படத்தில், இசைக்கலைஞர் வேடம் பூண்ட கொள்ளையர் ஐவர் இலண்டனில் ஒரு மூதாட்டியின் வீட்டிற் கூடிச் சதி செய்கின்றனர். போலிப் பேராசிரியன், மேஜர், பகட்டு உடை இளைஞன், அந்நியநாட்டுக் கொலைஞன், மந்தபுத்திக் குத்துச்சண்டைக்காரன் என, அச்சமூகத்தின் மாதிரிகளாக அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டுள்ளனர். 1948 இல் விண்ட்ரஷ் கப்பலில் வந்திறங்கிய மேற்கிந்தியரைப் போன்ற ஒருவர் அவ்வைவருள் இல்லை. தேநீர் அருந்துமாறு அம்மூதாட்டி ஓயாது உபசரிக்கின்றாள். திரையிற் கோப்பைக்கு இடமுண்டு. கொழுந்து பறித்த கைக்கு இடமில்லை.

மலையகம் திரையில் தோன்றவே இல்லை என்று நான் கூறவில்லை. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' 1975 இல் தோட்ட மக்களின் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. பதுளை மண்ணிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் அதற்கு எழுதினார். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களின் துயரம் சொல்லப்பட வேண்டியதே. ஆனால், துயரத்தில் மட்டுமே காட்டப்படும் மக்கள் இரக்கத்துக்கு மட்டுமே உரியவராகி விடுகின்றனர். இரக்கம் மேலிருந்து கீழே இறங்குவது. சேர்ந்து சிரிப்பது சமமானவரிடையே நிகழ்வது.

எம் மக்கள் சிரிக்கத் தெரியாதவரல்லர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலைப் புரட்டிப் பாருங்கள். கங்காணியின் பவிசும் துரையின் அதிகாரமும் வாய்மொழிப் பாட்டில் படும் பாடு விளங்கும். சவுக்கும் பற்றுச்சீட்டும் ஆண்ட காலத்தில் அந்தக் கேலியே அவர்களின் நீதிமன்றம்.

நகைச்சுவையில் இடம்பெற்றால் ஏளனத்துக்கு ஆளாக நேருமே என அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. தோட்டத்தானின் பேச்சை இழிவுபடுத்திச் சிரித்தவர்களை நாம் அறிவோம். ஆயின், தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன் கூறினார். எள்ளல் அவற்றுள் ஒன்றே. பிறர் எழுதி நாம் நகைக்கப்படுவது வேறு. நாமே எழுதி நகைப்பது வேறு.

ஊவாவின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடை ஏறும் மாணவன் வீட்டுப் பேச்சை லயத்திலேயே விட்டுவிட்டு வருவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். அடுத்த பாடசாலை நாடகத்தில் அவனை அவன் தாயின் தமிழிலேயே பேச விடுங்கள். மரிக்காருக்கும் உபாலிக்கும் பக்கத்தில் ஐந்தாவது ஆளாக, கொழுந்துக் கூடை சுமந்தவளின் மகனும் நின்று, பிறரைச் சிரிக்க வைக்கட்டும்.