ஸ்டெப்னியும் போச்சு, காத்து பிடிக்கிற பழக்கமும் போச்சு

எலெக்ட்ரிக் கார் வாங்கினவர்களுக்கு இனிமேல் பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம் என்பதில் ஒரு தனி சந்தோஷம். அடையாறில் பங்க் வாசல் வரிசையைத் தாண்டிப் போகும்போது லேசா ஒரு சிரிப்பு கூட வரும். நியாயம்தான். ஆனால் அந்த பங்க்கில் பெட்ரோலோடு இன்னொன்றும் கிடைத்துக்கொண்டிருந்தது. காற்று!

காற்று பிடிப்பதற்கென்றே யார் வீட்டிலிருந்து கிளம்பினார்கள்? டேங்க் நிரப்பப் போகும்போது அப்படியே ஓரமாக நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் பிடித்துக்கொண்டு வருவதுதான் வழக்கம். எண்ணெய் கம்பெனிகளின் விதிப்படி பங்க்கில் காற்று இலவசம். அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. மாதக்கணக்கில் டயரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. மிச்சம் இருப்பது டேஷ்போர்டில் எரிகிற ஒரு மஞ்சள் விளக்குதான். குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி.

அது எரிந்தால்? "சென்சார் கோளாறா இருக்கும் சார், ஓட்டலாம்" என்பார் ஆக்டிங் டிரைவர். சாரும் சரி என்பார். பெரும்பாலான கார்களில் சென்சார் கோளாறுக்கு வேறு அடையாளம் இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிஷம் போலக் கண் சிமிட்டிவிட்டு அப்புறம் நின்று எரியும். சிமிட்டாமல் எரிந்தால் காற்று நிஜமாகவே குறைந்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும் என்றால், இந்த விளக்கு சும்மா வந்ததில்லை. ஸ்டெப்னியைக் கொடுத்துவிட்டு வாங்கினது. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. மூன்றரை டன்னுக்கு உட்பட்ட காரில் டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கிற கருவி மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. மிச்சமாகிற இடம் பேட்டரிக்கு உதவும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இன்று பல எலெக்ட்ரிக் கார்களின் டிக்கியைத் திறந்தால் ஐந்தாவது சக்கரம் இருக்காது. ஆக, விளக்கை மதிக்காதவர் வரவு வைக்காமல் செலவு மட்டும் எழுதுகிற ஆள்.

(ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் கொண்டுவந்த மாற்றுச் சக்கரம் அது. அங்கே இப்போது எல்லோரும் ஸ்பேர் வீல் என்கிறார்கள். நாம்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் :-) )

விளக்கின் கதை சோகமானது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிய்ந்து, இருநூறு பேருக்கு மேல் செத்த பிறகு 2000-ல் ஒரு சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். அந்த விதிப்படி, இருக்க வேண்டிய அழுத்தத்தில் கால் பங்கு குறைந்தால் எரிய வேண்டும். 36 பி.எஸ்.ஐ. வேண்டிய டயர் என்றால் 27. அதாவது எரிகிற நேரத்தில் ஏற்கெனவே நிறையப் போயிருக்கலாம்.

எலெக்ட்ரிக் காருக்கு இது இன்னும் மோசம். பேட்டரியால் அதே மாடல் பெட்ரோல் வண்டியைவிட நூறு, இருநூறு கிலோ கூடுதல் எடை. காற்றில்லாத டயர் அந்த எடையில் மடங்கி மடங்கிச் சூடாகும். மே மாத ஈ.சி.ஆர். தார் ரோட்டில் கேட்கவே வேண்டாம். ரேஞ்சும் குறையும். கிலோமீட்டர் போய்விடும் என்று ஏசியை அணைத்துவிட்டு வேர்க்க வேர்க்க ஓட்டுகிறவர், டயரில் அதை விட்டுக்கொண்டிருப்பார்!

எந்த டயர் என்று திரையில் காட்டினால் பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் ஆணி. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய மந்தைவெளி, லஸ் பக்கம் போய்வந்த வண்டி என்றால் ஆச்சரியமே இல்லை. நாலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ரொம்ப நாளாகக் காற்று பிடிக்கவில்லை என்று அர்த்தம். மார்கழி விடியலில் கபாலி கோயிலுக்குக் கிளம்பும்போது எரிந்து, பத்து மணிக்கு வெயில் ஏறினதும் தானாக அணைவதும் உண்டு. பத்து டிகிரி குளிர்ந்தால் ஒன்றரை, இரண்டு பி.எஸ்.ஐ. இறங்கும். எல்லைக்கோட்டில் நின்றதால்தான் அது எரிந்தது. அணைந்துவிட்டது என்று விட்டால் நாளைக் காலையில் மறுபடி எரியும்.

பஞ்சர் கடைக்குப் போனால் ஒரு விஷயம். பேட்டரி தரைக்கு அடியில் பரவிக் கிடக்கிறது. ஜாக்கியை மேனுவலில் குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும். தி.நகரில் நாற்பது வருஷமாக பஞ்சர் ஒட்டுகிறவருக்குக் கூட இது புதுசாக இருக்கலாம். காட்டிக்கொடுப்பது வண்டிக்காரரின் பொறுப்பு.

சார்ஜிங் ஸ்டேஷன் வைக்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்கு லட்சக்கணக்கில் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு காற்று மெஷின் வைப்பது அந்தச் செலவில் தூசு. பங்க்குக்கு இருக்கிற இலவசக் காற்று விதியை இவர்களுக்கும் நீட்டினால் என்ன? வீட்டிலேயே சார்ஜ் போடுகிறவர்களுக்கு இது உதவாது என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் டிக்கியில் ஏற்கெனவே ஒரு குட்டி கம்ப்ரஸர் தூங்குகிறது, பஞ்சர் கிட்டோடு வந்தது. மாதம் இரண்டு தடவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், பத்து நிமிஷ வேலை. காற்று மட்டும் பிடிக்கும்போது சீலன்ட் பாட்டிலை இணைத்துவிடக் கூடாது. அந்தப் பாட்டிலில் காலாவதி தேதி வேறு அச்சடித்திருக்கும், அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.