பதினேழு பேரும் ஒரு பொய்யும்

சில பொய்களுக்கு ஆயுசு கெட்டி. அதில் ஒன்று இது: அமெரிக்காவின் ரேச்சல் கார்சன் 1962-ல் பூச்சிமருந்துகளுக்கு எதிராக 'மௌன வசந்தம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்துப் பயந்துபோய் இலங்கை டி.டி.டி. அடிப்பதை நிறுத்தியது. உடனே மலேரியா திரும்பி வந்து லட்சக்கணக்கானவர்களைப் படுக்கையில் தள்ளியது. ஆக, சுற்றுச்சூழல்வாதிகள்தான் கொலைகாரர்கள்! படித்தவர்களே நம்பிப் பரப்புகிற கதை இது.

நடந்தது வேறு. அது நமக்கும் தெரியவேண்டிய சங்கதி.

1963-ல் இலங்கை முழுவதும் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளிகள் எத்தனை பேர் தெரியுமா? பதினேழே பேர். 1934-35-ல் சுமார் 80 ஆயிரம் பேரைக் கொன்ற நோய் அது. அப்போது பருவமழை பொய்த்து, ஆறுகள் வற்றி, ஆற்றுமணலில் அங்கங்கே தேங்கிய நீரில் கொசு பெருகியது. (இது சாக்கடைக் கொசு அல்ல. தெளிந்த தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும்.) அந்த நோய் பதினேழு பேர் என்று இறங்கிவிட்டால் எந்த அரசாங்கத்துக்கும் என்ன தோன்றும்? 'வேலை முடிந்தது, செலவை நிறுத்து' என்றுதான். 1964-ல் வீடுகளில் மருந்து அடிப்பது நிறுத்தப்பட்டது.

நிறுத்தவைத்தது புத்தகம் அல்ல, கணக்குப் புத்தகம். அமெரிக்காவே டி.டி.டி.யைத் தடை செய்தது 1972-ல்தான். நோய் திரும்பியதும் இலங்கை மறுபடி டி.டி.டி. அடிக்கத்தான் செய்தது. ஆனால், கொசு அதற்குப் பழகிவிட்டது. 1977-ல் மலத்தியானுக்கு மாறினார்கள்.

சரி, நோய் எங்கே திரும்பியது? கொழும்பிலா? இல்லை. வறண்ட பிரதேசத்துக் கிராமங்களில். எலஹெர பக்கம் மாணிக்கக்கல் தோண்ட எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். தோண்டிய குழிகளில் தண்ணீர் தேங்கியது. தண்ணீரில் கொசு. ஊர் திரும்பியவர்கள் காய்ச்சலையும் சேர்த்து எடுத்துப் போனார்கள். காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர்கள், காவலுக்காக சுவரில்லாத குடிசையில் இரவில் படுப்பார்கள். சுவரே இல்லாத இடத்தில் மருந்தை எங்கே அடிப்பது? 1969-ல் நோயாளிகள் 5 லட்சத்துக்கு மேல். 1987-ல் 6 லட்சத்துக்கும் மேல். இடையில் மகாவலித் திட்டத்தின் புதுக் குடியேற்றங்கள். மலேரியாவையே அறியாத ஊர்களில் இருந்து வந்தவர்களை நோயின் வாசலில் குடிவைத்தார்கள்.

'சிங்கள தேசத்துக் கதை, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் பேர் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953-ல் தேசியத் திட்டம் தொடங்கி, 1961-ல் சுமார் 50 ஆயிரம் நோயாளிகள் என்று இறங்கியது. நாமும் அசந்தோம். 1976-ல் 64 லட்சம்! இதற்கும் கார்சன் அம்மையார்தான் காரணமா?

இலங்கை தன் பாடத்தைப் படித்துக்கொண்டது. 1999-ல் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்த நோயாளிகள், 2008-ல் ஆயிரத்துக்கும் கீழே. கவனியுங்கள், போர் முடியும் முன்பே! புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்கும் மாத்திரையும் கொசுவலையும் போய்ச் சேர்ந்தன. ஆஸ்பத்திரிக்கு வரமுடியாத கிராமத்துக்கு ஆஸ்பத்திரியே வண்டியில் போனது. காய்ச்சல் என்றால் விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கடைசிக் காலத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள் அல்ல. காட்டில் படுத்த ராணுவத்தினர், விவசாயிகள், கல் தோண்டுபவர்கள். நோய் ஆளை மாற்றியது, தேடுகிறவர்களும் இடத்தை மாற்றினார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளியே இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். அந்தக் கடைசிக் கட்டத்தில் டி.டி.டி.க்கு வேலையே இல்லை என்பதைப் பொய் பரப்புகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

இந்தத் தடவை அவர்கள் கடையைக் கட்டவில்லை. 2018 டிசம்பரில் மொனராகலையில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மலேரியா. இந்தியாவில் இருந்து வந்த ஒருவரின் ரத்தத்தில் இருந்து, கொசு வழியாக. தேடிப் பிடித்து அங்கேயே அணைத்தார்கள். தேட ஆள் இருந்ததால்தான் முடிந்தது. ஆள் இல்லாவிட்டால் அது இன்னொரு 'சாதாரண ஜுரம்'. பத்து வீடு பரவிய பிறகுதான் பெயர் தெரியும்.

'நோயே இல்லாத ஊரில் நோய் தடுக்க எதற்கு இத்தனை ஆள்?' என்று கேட்கும் புத்திசாலிகள் எல்லா நிதித்துறைகளிலும் இருக்கிறார்கள். தீப்பிடிக்காத வருஷத்தில் ஃபயர் சர்வீஸைக் கலைத்துவிடலாமா, சார்?

தமிழ்நாட்டில் இப்போது மலேரியா ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் வருகிறது. 2027-க்குள் உள்நாட்டுத் தொற்றை ஜீரோவாக்குவது, 2030-க்குள் நோயை ஒழிப்பது என்பது மத்திய அரசின் இலக்கு. நல்ல இலக்கு. என் கவலை 2031 பற்றி. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிய மறுநாள் என்ன செய்யப்போகிறோம்?

இலங்கை சான்றிதழ் வாங்கிய அதே 2016 டிசம்பரில், நம் ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையான மன்னாரில் ஒரு புதிய கொசுவைக் கண்டுபிடித்தார்கள்: அனாபிலஸ் ஸ்டீபன்சி. அவர்களுக்குத்தான் புதுசு. சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்ந்து நமக்கு மலேரியா பரப்பிய பழைய ஆசாமி. நாம் காட்டுக் காய்ச்சல் என்று நினைப்பது நகரத்துத் தண்ணீரிலும் குடியிருக்கும்.

எனவே, மூன்று கோரிக்கைகள். ஒன்று, நோயாளி எண்ணிக்கையைச் சொல்லும்போது எத்தனை பேருக்கு ரத்தம் பார்த்தோம் என்பதையும் அரசு சேர்த்துச் சொல்லட்டும். பரிசோதனை குறைந்தாலும் நோய் குறைந்தது போலத்தான் தெரியும். இரண்டு, செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வருகிற வெளிமாநிலத் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால், விரட்டாமல், கூலி பிடிக்காமல், பரிசோதிக்கட்டும். அவரை நோய் கொண்டுவந்த குற்றவாளியாகப் பார்த்தால் காய்ச்சலை மறைப்பார். மூன்று, வீடு வீடாகத் தொட்டி பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர்களைத் தினக்கூலியில் வைத்து, சீசன் முடிந்ததும் துரத்துவதை நிறுத்தட்டும். ஊரின் ஒவ்வொரு தொட்டியும் அவர்களுக்குத்தான் தெரியும்.

நான்காவதாக நமக்கு ஒன்று. அடுத்த முறை அந்தப் பெண் டார்ச்சோடு வந்து கேட்டைத் தட்டினால், 'எங்க வீட்ல எல்லாம் கொசு இல்லம்மா' என்று திருப்பி அனுப்பாதீர்கள். இல்லை என்று சொல்லித்தான் இலங்கையும் ஏமாந்தது, இந்தியாவும் ஏமாந்தது. மாடிக்கு வழி விடுங்கள். அவரே பார்த்துச் சொல்லட்டும்.