12 வோல்ட்தானே என்று சொல்லாதீர்கள்

"12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" விசைப்படகுகளுக்கு வயர் இழுப்பவர்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். படகின் சொந்தக்காரர்களும் நம்புகிறார்கள். தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் படகு எரிய ஷாக் தேவையில்லை, சூடு போதும். பக்கத்திலேயே டீசல் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் விளக்கு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே 100 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 8 ஆம்பியருக்கு மேல் ஓடியாக வேண்டும். மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். அப்படிப் பார்த்தால், ஒரே வயரில் படகில் பிறக்கும் சூடு வீட்டைவிட 300 மடங்குக்கு மேல். வோல்ட் குறையக் குறைய வயர் தடிக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ்: வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டுகள் படகுக்குப் போகின்றன.

ஷார்ட் ஆனால் நிலைமை இன்னும் மோசம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியின் இரு முனைகளும் நேராக இணைந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். டெர்மினலில் ஸ்பேனர் பட்டுத் தீப்பொறி தெறிப்பதைப் பார்த்த மெக்கானிக்கும் இதே வசனத்தைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

"கேபின் சுவிட்ச் போர்டில் பியூஸ் இருக்கிறதே" என்பார்கள். பேட்டரி இருப்பது கீழே, இன்ஜின் அறையில். அங்கிருந்து போர்டு வரை வரும் வயரை யார் காப்பது? இன்ஜின் அதிர்வில் அது பலகைத் துளையின் விளிம்பில் உரசி, தோல் கிழிந்து, நெகட்டிவ் இணைத்த இன்ஜின் உடம்பைத் தொட்டால், போர்டில் உள்ள பியூஸ் போகவே போகாது. பியூஸ் முதலில் காக்க வேண்டியது வயரை. விளக்கும் ஜிபிஎஸ்ஸும் பிறகுதான். அமெரிக்கப் படகுத் தரவிதிகள், உறையின்றி ஓடும் வயருக்குப் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் பியூஸ் கேட்பது இதனால்தான். ஸ்டார்ட்டர் வயருக்கு மட்டும் விலக்கு உண்டு.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளும் அப்படியே. உப்பு ஈரம் உள்ளே புகுந்து செம்பு பச்சை பூக்கும். அந்த இடம் மட்டும் கொதிக்கும். வெள்ளீயம் பூசிய மெல்லிழை வயரும் இறுக்கி அழுத்திய லக்கும் ஆடம்பரம் அல்ல.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கும் நாட்கள் அவை. பெயிண்டுக்குச் செலவழிக்கும் சொந்தக்காரர்களே, பேட்டரிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் பியூஸ் இல்லையென்றால் அந்தப் படகில் ஆட்களை ஏற்றிக் கடலுக்கு அனுப்பாதீர்கள்.