எங்கள் ஆள் இல்லை என்று சொல்லலாமா?

போன வாரம் சமூக அறிவியல் வகுப்பில் கார்கில் போர் பற்றிப் பேச்சு வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அவங்க திருட்டுத்தனமா ஆள் அனுப்பினா நாமளும் அனுப்பணும் டீச்சர்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. காரணம் சொல்ல அன்றைக்குத் தைரியம் வரலை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

1999-ல், குளிர்காலத்தில் காலியாகக் கிடந்த நம் மலைமுகடுகளில் பாகிஸ்தான் ரகசியமாக ஆட்களை ஏற்றியது. கேட்டதற்கு, அவர்கள் எங்கள் ராணுவம் இல்லை, முஜாகிதீன்கள் என்றது. உண்மையில் பெரும்பாலோர் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி படைக்காரர்கள். கில்கிட், பால்டிஸ்தான் பக்கத்து மலை ஜனங்கள். நம்மைப் போல குளிர் பழகியவர்கள்தான், ஆனால் நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர், அவர்கள் உட்கார்ந்திருந்த டைகர் ஹில் 5,000 மீட்டருக்கு மேலே! இங்கே ஜனவரி உறைபனியில் தேயிலை கருகினாலே நாம் நடுங்குகிறோம்.

நம் பக்கம் 527 பேர் இறந்தார்கள். திருச்சி மேஜர் சரவணன் மே 29-ல் படாலிக்கில் வீரமரணம் அடைந்தார். அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் மீட்டார்கள். திருச்சியில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

அந்தப் பக்கம்? எங்கள் ஆள் இல்லை என்று சொன்ன பிறகு உடலை எப்படிக் கேட்டு வாங்குவது? பல பேரை நம் ஜவான்களே அவர்கள் மத முறைப்படி அடக்கம் செய்தார்கள். டைகர் ஹில்லில் இறந்த கேப்டன் கர்னல் ஷேர் கான் நன்றாகச் சண்டை போட்டார் என்று நம் பிரிகேடியர் பாஜ்வா ஒரு சீட்டு எழுதி, அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். அதற்குப் பிறகுதான் அவர் நாடு அவருக்கு நிஷான்-இ-ஹைதர் விருது கொடுத்தது. 2010-ல்தான் பாகிஸ்தான் ராணுவம் தன் இணையதளத்தில் இறந்தவர்கள் 453 பேரின் பெயரைப் போட்டது. அந்த 11 வருஷமும் அந்த அம்மாக்கள் அக்கம்பக்கத்தில் என்ன சொல்லியிருப்பார்கள்?

"நாமளும்" என்று சொன்ன நண்பனுக்கு ஒன்று. நாமும் செய்து பார்த்ததுதான். 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு நம் அரசு ரகசியமாகப் பயிற்சி கொடுத்தது. (அங்கே தமிழர் பட்ட கஷ்டம் பொய் இல்லை. எங்கள் பாட்டியும் தாயகம் திரும்பியவர்தான்.) 1987-ல் அமைதிப்படை போனபோது, நாம் பயிற்சி கொடுத்த புலிகளோடே சண்டை வந்தது. 1990-ல் படை திரும்புவதற்குள் நம் வீரர்கள் சுமார் 1,200 பேர் இறந்துவிட்டார்கள்.

எங்கள் பெரியம்மா மகன் வெலிங்டன் செலக்‌ஷனுக்காக தினமும் விடியற்காலையில் ஃபேக்டரி ரோட்டில் ஓடுகிறார். அண்ணன் பட்டாளத்துக்குப் போகட்டும், எனக்கும் பெருமைதான். ஆனால் எங்கே அனுப்பினாலும் யூனிஃபார்மோடு, பெயரோடு அனுப்ப வேண்டும். ஏதாவது ஆனால், இவர் எங்கள் ஆள் என்று பெரியம்மா வீட்டு வாசலில் வந்து சொல்ல வேண்டும்.

கை தட்டியவர்கள் அடுத்த மாத இதழுக்குப் பதில் எழுதித் தரலாம். படிக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி